சுவரில் நின்ற பதினான்கு பேர்

ஒத்திலியா சமாரிப்பா ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும். செத்துப்போன தோழர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக "அஞ்சா நெஞ்சம்" என்று எழுதிவிடுகிறது. ஒத்திலியா விஷயத்தில் அது பச்சைப் பொய். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் முன்னால் வாந்தி எடுத்தவள் அவள். ஒரு ஊர்வலத்துக்கும் வராமல் இருந்ததில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவள்.

பிறந்தது 1911-இல், லா கலேராவில். சுண்ணாம்புக் காளவாய் ஊர். ரயில் ஜங்ஷன் பிறகு வந்தது. அப்பா காளவாயில் கல் சுட்டவர். அப்போது புரட்சிக் காலம். எந்தத் தளபதியின் குதிரைப்படையாக இருந்தாலும் சோளத்தையும் பெண்களையும் அள்ளிக்கொண்டுதான் போகும். அடிவானத்தில் தூசி கிளம்பியதுமே அம்மா பிள்ளைகளை ஆறிப்போன காளவாய்க்குள் இறக்கி, மேலே பலகையைப் போட்டுக் கல்லை அடுக்கிவிடுவாள். உள்ளே சுண்ணாம்புத் தூள் தொண்டையை அரிக்கும். இருமினால் மேலே கேட்கும். மேலே கேட்டால் எல்லாரும் போனோம். ஐந்து வயதில் ஒத்திலியா இருமாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து பயம் வந்தால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். கத்த வராது, அழ வராது. மூச்சு மட்டும் நிற்கும்.

பதினாறு வயதில் தலைநகரத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அது, அரசாங்கம் ஓவியர்களைக் கூப்பிட்டுச் சுவர் சுவராகக் கொடுத்த காலம். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் சாரம் கட்டி வேலை நடந்தது. சாரத்தின் மேலே நின்றவர்கள் வெளிநாடெல்லாம் போய்ப் படித்துவிட்டு வந்த பெரிய கைகள். சுண்ணாம்பு மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. கூடையோடு போன ஒத்திலியா தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது ஊறிப் பத்து நாள்கூட ஆகவில்லை, வெடிக்கும் என்றாள். சிரித்தார்கள். வெடித்தது. அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கையில் கொடுத்தார்கள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் சுவரில் வேலை பார்த்தாள். முதலில் சுண்ணாம்பு. அப்புறம் புல், செருப்பு, பாவாடை ஓரம். கடைசியில் கால்கள். பெரிய ஓவியர் முகத்தையும் கையையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார், கால் ஒத்திலியாவுடையது. தலைநகரத்துச் சுவர்களில் விவசாயியின் வெறுங்கால் உயிரோடு இருக்கிறது என்று யாராவது எழுதினால், அது யார் கால் என்று எழுதியவருக்குத் தெரியாது.

கட்சியில் சேர்ந்தது இருபத்திரண்டு வயதில். சுவரொட்டி ஒட்டுவாள், நோட்டீஸ் கொடுப்பாள், கூட்டத்துக்குப் பெஞ்சு தூக்குவாள். இரண்டு தடவை பிடித்துப்போனார்கள். இரண்டாவது தடவை பதினொரு நாள். அவளை ஒருவரும் தொடவில்லை. பக்கத்து அறையில் அடி வாங்குகிறவர்களைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார வைத்திருந்தார்கள். வெளியே வந்து ஒரு மாசம் தூரிகை பிடிக்க முடியவில்லை. அதோடு தலைநகரம் போதும் என்று, கூட வேலை செய்த கொத்தனார் நபோரையும் அழைத்துக்கொண்டு 1956-இல் ஊருக்கே வந்துவிட்டாள். இரண்டு பேரும் கோயிலில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஒரு மாசம் பேசியது, பிறகு ஓய்ந்தது.

மறுவருஷம் ரயில்வே தொழிலாளர் சங்கம் கூடம் கட்டியது. கிளைச் செயலாளர் ஒனேசிமோ, இடது காதிலிருந்து தாடை வரை தழும்பு ஓடிய என்ஜின் டிரைவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து, சுவர் ஒன்பது மீட்டர் இருக்கிறது, மேஸ்திரி வந்து பார்க்க வேண்டும் என்றான். நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் சுவர்.

ஈரச் சுண்ணாம்பில் வரைகிற வேலைக்கு அவசரம் ஜாஸ்தி. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் நபோர் விடியலில் பூசுவான். பிற்பகல் வரைக்கும் சுவர் வண்ணத்தைக் குடிக்கும். அதற்கு மேல் அது கல். நாளுக்கு ஒரு முகம் என்று கணக்கு வைத்து, பதினான்கு நாளில் பதினான்கு தொழிலாளர்கள் கொடி பிடித்து நடந்துவருகிற மாதிரி போடுவதாக ஒத்திலியா திட்டம் வைத்திருந்தாள். முகங்களைக் கற்பனையாகப் போடத்தான் நினைத்திருந்தாள். ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எவன் மூஞ்சியையோ போட்டா, எவனோ போராடுனான்னு ஆயிடும் மேஸ்திரி. நாங்க நிக்கிறோம், எங்களப் போடுங்க" என்றான் ஒனேசிமோ.

நின்றார்கள். ஷிப்டு முடித்து, கரியும் எண்ணெயுமாக, ஆளுக்கு ஒரு நாள். தழும்பை விட்டுவிடக் கூடாது என்று ஒனேசிமோவே வந்து சொன்னான். பெட்டிக்குப் பெட்டி மாட்டுகிற சங்கிலி அறுந்து அடித்தது அது, கம்பெனி கொடுத்த ஒரே பதக்கம் என்றான். மூக்கின்மேல் மச்சம் வைத்திருந்த, ரயிலில் பிரேக் போடுகிறவன் அதைவிடப் பிடிவாதம்.

"மச்சம் இல்லன்னா எம் பொண்டாட்டி என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா மேஸ்திரி."

"ஒம் மச்சத்துக்குத் தனியா ஒரு சட்டி கலக்கணும்டா" என்றான் நபோர்.

இதுதான் தப்பு. நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பெயர் தெரியாமல் செத்துப் பெயர் தெரியாமல் புதைந்த வம்சத்தில் வந்தவர்களுக்கு ஒரு சுவர் கிடைத்ததும், முகத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அச்சாக இருந்தது. சின்னப் பிள்ளைகூட விரலை நீட்டிப் பெயர் சொல்லும்.

1959-இல், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்க ரயில் நின்றது. புனிதச் சனிக்கிழமை சங்கக் கூடங்களுக்குள் ராணுவம் புகுந்தது. லா கலேரா தள்ளி இருந்ததால் அங்கே வந்துசேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் தந்தி ஆபீஸ் ஆள் விஷயத்தைக் கசியவிட்டான். ஒர்க்ஷாப் குமாஸ்தா புகைப்படம் ஒட்டிய ஆள் அட்டைகளை மொத்தமாக வாரி பாய்லரில் போட்டான். ஆகவே வருகிறவர்கள் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், முகம் இருக்காது. பதினான்கு பேரும் மீசையை எடுத்தார்கள், வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கரி விற்கப் போனான். ஒருவன் ஆடு மேய்த்தான். ஒனேசிமோ காளவாயில் கல் சுமந்தான். வெள்ளைத் தூளில் எல்லா முகமும் ஒரே முகம்.

சுவரில் மட்டும் பதினான்கும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று நின்றன.

திங்கட்கிழமை காலை நபோர் அதைச் சொன்னான். ஒத்திலியா சுத்தியலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நல்ல வெளிச்சம், ஆள் இல்லை, ராணுவம் வர மூன்று மணி நேரம் இருந்தது. பதினான்கு முகத்தைக் கொத்த ஒரு மணி நேரம் போதும். ஒனேசிமோ முகத்துக்கு எதிரே நின்று சுத்தியலை ஓங்கினாள். கை இறங்கவில்லை. சத்தம் வெளியே கேட்குமே என்ற பயம் பாதி. இருபத்தைந்து வருஷம் அடுத்தவன் சுவரில் கால் வரைந்தவளுக்கு இது ஒன்றுதான் சொந்தச் சுவர் என்பது மீதி. வெகுநேரம் கழித்துச் சுத்தியலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்து, நபோரிடம், முடியவில்லை என்றாள். அவன் சுத்தியலை வாங்கிக்கொண்டு கிளம்பினான். தெரு முனையிலேயே ஜீப்புகளைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

இதை மன்னித்து எழுத முடியாது. பதினான்கு பேர் உயிரைவிட அவளுக்குச் சுவர் அன்று ஒரு நொடி பெரிதாக இருந்தது. அவளே இதைப் பிற்பாடு கட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்.

பத்து மணிக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனார்கள். கூடத்தில் கேப்டன் ஒருவன் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு, சினிமா பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முக்காலியில் புகைப்படக்காரன். வயதான சார்ஜன்ட் ஒருவன் வாசலில்.

கேப்டன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான். படம் அருமை என்றான். தலைநகரத்தில்கூட இவ்வளவு உயிரான முகங்களைப் பார்த்ததில்லை என்றான். பிறகு சொன்னான்:

"இடது பக்கத்துலேர்ந்து வாங்க மேஸ்திரியம்மா. ஒண்ணொண்ணா பேரு. அவசரமில்ல."

இடது ஓரத்தில் முதல் முகம் ஒனேசிமோ. ஒத்திலியாவுக்கு மூச்சு நின்றது. சுவரில் தழும்பு தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் பக்கத்து அறை. பதினொரு நாள் கேட்ட சத்தம் காதுக்குள் ஆரம்பித்துவிட்டது. ஏதாவது பெயர் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கிற எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒருவன் போவான்.

வாய் தானாகத் திறந்தது.

"சிரிலோ அர்ரெதோந்தோ" என்றாள்.

அது செத்தவன் பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால் பள்ளத்துப் பாலம் இடிந்து, சரக்கு ரயில் விழுந்து, பாய்லர் வெடித்துப் பத்தொன்பது பேர் செத்தார்கள். முகம் அடையாளம் தெரியாமல் மூடிய பெட்டியில் புதைத்தார்கள். மறுவருஷம் கல்லறையில் பொதுவாக ஒரு சுவர் எழுப்பியபோது, பத்தொன்பது பெயரையும் எழுதிக் கொடுத்தவள் ஒத்திலியா. எழுத்து எழுத்தாகக் கை எழுதிய வரிசை, மூளை நின்றாலும் கைக்கு ஞாபகம் இருந்தது. முதல் பெயர் சிரிலோ. அந்த வரிசையிலேயே பதினான்கு பெயரையும் ஒப்பித்து முடித்தாள்.

கேப்டன் பட்டியலைப் பார்த்தான். ஒரு பெயரும் அதில் இல்லை.

"இவங்கல்லாம் யாரு?"

"பாலம் விழுந்து செத்தவங்க. அவங்க ஞாபகத்துக்குப் போட்டது."

கேப்டன் சார்ஜன்டைக் கல்லறைக்கு அனுப்பினான். முக்கால் மணி நேரம். நபோர் சுவரோரம் நின்று, தன் கைவிரல் நகத்திலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சார்ஜன்ட் வந்து, பதினான்கு பெயரும் இருக்கின்றன, தேதியோடு இருக்கின்றன என்று சொல்லி, சுவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அங்க பத்தொம்போது இருக்காம். மீதி அஞ்சு பேரு?"

"சுவரு பத்தல" என்றான் நபோர்.

"செத்தவன் எதுக்குக் கொடி பிடிக்கிறான்?"

"எங்க ஊர்ல செத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க, கேப்டன். நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்தா வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டுத்தான் போவாங்க. கொடி பிடிக்கவா சோம்பேறித்தனம்?" என்றான் நபோர்.

சார்ஜன்ட் சிரிப்பை அடக்கினான். கேப்டன் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தழும்புள்ள முகத்தின்மேல் விரலை வைத்தான். முதலில் சொன்ன பெயர் என்ன என்று கேட்டான். ஒத்திலியா மறுபடியும் சொன்னாள். இவனுக்குப் பெண்டாட்டி உண்டா என்று கேட்டான். பதில் சொன்னது சார்ஜன்ட். ஸ்டேஷனில் சோள அடை சுட்டு விற்கிற தோமித்திலாதான், வந்து இறங்கியதும் நம் ஆட்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிட்டார்கள், பாலத்தில் செத்த புருஷன் பேரை அவளே சொன்னாள் என்றான்.

"கூட்டிட்டு வா. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத."

நபோர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியால் அவனைத் திரும்பச் சுவரோரம் தள்ளினான்.

தோமித்திலா வருவதற்குள் இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒத்திலியா அப்போது அவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று. பாலம் விழுந்த அன்று அந்த ரயிலில் போக வேண்டியவன் ஒனேசிமோ. தங்கச்சி கல்யாணம் என்று சிரிலோவோடு ஷிப்டு மாற்றிக்கொண்டான். சிரிலோ செத்தான், ஒனேசிமோ செயலாளர் ஆனான். அன்றிலிருந்து தோமித்திலா ஒனேசிமோவைத் தெருவில் கண்டால் தரையில் துப்பிவிட்டுப் போவாள். ஒனேசிமோ தலையைக் குனிந்துகொண்டு போவான், ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு. சுவர் வேலை நடந்த ஏழாம் நாள் தோமித்திலா சிரிலோவின் புகைப்படத்தை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒத்திலியா ஊருக்கு வந்தது சிரிலோ செத்து ஒரு வருஷம் கழித்து. அவனை அவள் பார்த்ததே இல்லை. ஓரத்தில் ஒரு இடம் கொடுத்து இவரையும் போடு என்று கேட்டாள் தோமித்திலா. சாரத்தின் மேலே சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. ஒத்திலியா இறங்கவில்லை. மேலேயிருந்தே, "செத்தவங்கள வெச்சுக் கும்புட இது கோயில் இல்ல அக்கா. உயிரோட நிக்கிறவனுக்குத்தான் இந்தச் சுவரு" என்றாள். துண்டுப் பிரசுரத்து வரி. அதை எழுதிக் கொடுத்தவர்களுக்கு சிரிலோவைத் தெரியாது. அதற்கப்புறம் தோமித்திலா அவளுக்கு அடை விற்றதில்லை.

அவளிடம்தான் இப்போது, உன் புருஷனைக் கொன்றவன் என்று நீ நினைக்கிறவன் முகத்தை உன் புருஷன் என்று சொல் என்று, வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய பாக்கி எல்லாம் தீர்ந்துவிடும்.

தோமித்திலா கையெல்லாம் சோளமாவோடு வந்தாள். ஐம்பது வயது, கட்டையான உடம்பு. கேப்டன் எழுந்து நின்று, சுவரைக் காட்டி, இது யாரம்மா என்று கேட்டான்.

அவள் சுவரைப் பார்த்தாள். ஒனேசிமோவின் முகத்தைப் பார்த்தாள். நபோர், சார்ஜன்ட், புகைப்படக்காரன் என்று எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஒத்திலியாவிடம் வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். ஒத்திலியாவால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, கண்ணால் எதையும் சொல்லவும் முடியவில்லை.

"இது யாருன்னு இவ சொன்னா?" என்று கேட்டாள் தோமித்திலா.

"நீ சொல்லு" என்றான் கேப்டன்.

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எம் புருஷன். சிரிலோ."

நபோர் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் தோமித்திலா நிறுத்தவில்லை. சுவருக்கு நெருங்கிப் போனாள். குரல் ஏறியது.

"எம் புருஷன்னு நெனச்சுக்க வேண்டியதுதான். வேற வழி? இந்த மூக்க பாருங்க சார். அவருக்கு இப்பிடியா மூக்கு? கன்னத்துல ஏது அவருக்குத் தழும்பு? ஒரு பூனைகூடப் பொறாண்டுனதில்ல அவர. ரவுடி மாதிரி போட்டு வெச்சிருக்கா. இவளா ஒரு மேஸ்திரி? காலு மட்டும்தான் வரைவாளாம் தலைநகரத்துல, கேட்டுப் பாருங்க. படத்த எடுத்துட்டு வந்து கீழ நின்னு கெஞ்சுனேன், பாத்துப் போடுடின்னு. எறங்கி வரல. மகாராணி."

ஒன்றுகூடப் பொய்யில்லை. நாலு வருஷத்துக் கோபம், இரண்டு வருஷத்து அவமானம், அத்தனையும் அசல். நடிக்கத் தெரிந்தவள் யாரும் அப்படிப் பேசியிருக்க முடியாது. சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டான். கேப்டன் முகத்திலும் லேசாக இளக்கம். ஒத்திலியாவுக்கு ஒரு மூச்சு உள்ளே போனது.

"படமா?" என்றான் கேப்டன். "அது எங்க இருக்கு?"

தோமித்திலாவின் முதுகுதான் ஒத்திலியாவுக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒரு தடவை விறைத்தது.

"போயிடுச்சு. போன நவம்பர்ல குழி மேல வெச்சேன். மழையில ஊறிப் போயிடுச்சு."

கேப்டன் தலையை ஆட்டினான். நம்பினவன் மாதிரிதான் ஆட்டினான். பிறகு சார்ஜன்டைப் பார்த்து, இரண்டு பெண்களையும் கூட்டிப்போய் வீட்டைப் பார்த்துவிட்டு வா என்றான். படம் இருந்தால், படத்தையும் இவர்களையும் ஒன்றாகக் கொண்டு வர வேண்டும். நபோர் இங்கேயே இருக்கட்டும்.

கூடத்திலிருந்து மூன்று தெரு. தோமித்திலா முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நடு மத்தியானம், கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் நிற்பது தெரிந்தது.

வீட்டில் இரண்டு அறை. உள்ளே போனதும் தோமித்திலா சார்ஜன்டை முன்னறைப் பெட்டியின் பக்கம் கை காட்டினாள். எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, நன்றாகக் கிளறிப் பாரு, துணியை மட்டும் மண்ணில் போடாதே என்றாள். அடை விற்க ஸ்டேஷனுக்குப் போன மகள் அடுப்பை அணைத்தாளோ இல்லையோ என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். ஒத்திலியா பின்னால் போனாள்.

அடுப்புக்குப் பக்கத்தில், கரி படிந்த சுவரில், எரிகிற மெழுகுவர்த்திக்குப் பின்னால், படம் மாட்டியிருந்தது.

தோமித்திலா அதைக் கழற்றினாள். சட்டத்தைத் திருப்பி, பின்பலகையை நகத்தால் நெம்பி, படத்தை உருவினாள். சட்டத்தை மாவுத் தட்டுக்கு அடியில் செருகினாள். படத்தைக் கையில் வைத்துப் பார்த்தாள். முன்னறையில் பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அடைக்கல்லைத் தூக்கி, படத்தை நெருப்பில் வைத்து, கல்லை மேலே வைத்தாள். உருண்டை மாவைத் தட்டி அதன்மேல் போட்டாள். அடுப்பின் வாயில் படத்தின் ஓரம் சுருண்டு பச்சையாக எரிந்தது.

அப்போதுதான் ஒத்திலியா சுவரைப் பார்த்தாள். கரிச் சுவரில், படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. குருடனுக்கும் தெரியும்.

பூட்ஸ் சத்தம் வந்தது. அவளுக்கு யோசிக்க வரவில்லை. போய் அந்த இடத்தில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றாள். மெழுகுவர்த்தி இடுப்பில் சுட்டது. மூச்சு நின்றது.

சார்ஜன்ட் உள்ளே வந்து, அலமாரியைப் பார்த்தான், பானைக்குள் பார்த்தான், கூரைச் செருகலில் கைவிட்டான். ஒத்திலியாவுக்கு எதிரே வந்து நின்றான். உனக்கென்ன, பேய் அறைந்த மாதிரி நிற்கிறாய் என்று கேட்டான். மூக்கை உறிஞ்சினான்.

"என்ன கருகுது?"

"அடைதான்" என்றாள் தோமித்திலா. "நீ கேள்வி கேட்டுட்டு நின்னா கருகாம என்ன பண்ணும்? நிக்கிறதுன்னா நில்லு, இல்ல உக்காந்து சாப்புடு. ரெண்டுங்கெட்டானா வழியில நிக்காத."

அவன் உட்கார்ந்தான். ஒரு அடை சாப்பிட்டான். இன்னொன்று கேட்டான். சட்டினியில் காரம் போதவில்லை என்றான். ஒத்திலியா நின்றுகொண்டே இருந்தாள். மெழுகுவர்த்தி பாவாடையைப் பொசுக்கித் தோலுக்கு வந்துவிட்டது. காளவாய்க்குள் இருமாமல் இருந்தது மாதிரி நின்றாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, படம் இல்லை என்று கேப்டனிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னான். கூப்பிடுகிற வரைக்கும் இரண்டு பேரும் வீட்டை விட்டு நகரக் கூடாது, வாசலில் ஆள் நிற்பான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். கேப்டன் சுவரைப் படம் எடுக்கவைத்தான், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே செத்தவன் பெயரை எழுதிக் கோப்பில் வைத்தான். செத்தவனை யார் தேடுவார்கள்? சாயங்காலம் நபோரை விட்டுவிட்டார்கள். மூன்று பேர் வேறு வழியில், யாரோ காட்டிக்கொடுத்ததால் மாட்டினார்கள், வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். பதினொரு பேர் தப்பினார்கள். ஒனேசிமோ மே மாசம் சுண்ணாம்பு லாரியில் வடக்கே போனான், திரும்பவில்லை. கம்பெனி சொல்கிறதைக் கேட்கிற புதுச் சங்கத்துக்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதற்குச் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்தவளும் ஒத்திலியாதான். 1974-இல் செத்தாள். இடையில் பள்ளிக்கூடங்களில் சோளக்கதிரும் புறாவும் மலையும் வரைந்தாள். பொதுச் சுவரில் மனிதமுகம் ஒன்றுகூட வரையவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் தூரிகை நின்றுவிடும்.

ஆனால் அந்த மத்தியானம் அத்தோடு முடியவில்லை.

சார்ஜன்ட் போனதும் ஒத்திலியா சுவரை விட்டு விலகி, பாவாடையைக் கசக்கி நெருப்பை அணைத்தாள். தோமித்திலா கல்லைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை, சாம்பல். அதைக் கிளறவில்லை. கல்லைத் திரும்ப வைத்து ஒரு அடையைத் தட்டிப் போட்டுவிட்டு, வெள்ளைச் சதுரத்தைக் காட்டினாள்.

"இங்க போடு."

ஒத்திலியாவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு நான் தூக்கிப் புடிச்சேன்ல, சாரத்துக்குக் கீழ. பாத்தல்ல? அந்த மாதிரியே போடு. வேற படம் கெடையாது எங்கிட்ட. அது ஒண்ணுதான்."

ஒரு ரயில்காரன் முகத்தை, மீசையும் தொப்பியுமாக, ஒத்திலியாவால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியும். போட்டிருந்தால் தோமித்திலா ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பாள். கேப்டனிடம் பதினான்கு பொய் சொன்ன வாய்க்கு இங்கே ஒன்று வரவில்லை.

"அக்கா. நான் அன்னிக்குப் பாக்கல."

தோமித்திலா அடையைத் திருப்பிப் போட்டாள்.

"இப்ப? நான் கழட்டுனப்ப?"

"சத்தத்தத்தான் கேட்டுட்டிருந்தேன். அப்புறம் நெருப்பத்தான் பாத்தேன்."

வாசலில் காவல் நின்ற சிப்பாய் தொண்டையைச் செருமித் துப்பினான். இரண்டு பேரும் அசையவில்லை. அவன் நகர்ந்து நிழலுக்குப் போன பிறகு, தோமித்திலா அடுப்பின் ஓரத்திலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து, சாம்பலை ஊதி, ஒத்திலியாவின் கையில் வைத்தாள்.

"நான் சொல்றேன். நெத்தி நல்லா அகலம். அதுலேர்ந்து ஆரம்பி."

முதல் கோட்டிலேயே கரி ஒடிந்து விழுந்தது. தோமித்திலா குனிந்து அடுப்பில் இன்னொன்று தேடினாள்.